சோற்றுத் தட்டும் செல்போனும்

(புதுச்சேரியில் நடந்த பெற்றோர் – ஆசிரியர் கூட்டம் ஒன்றில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நீங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். பெரும்பாலான சீட்டுகளில் ஒரே கேள்விதான். "போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் பிள்ளையின் வெயிட் குறைந்துவிடுமா டாக்டர்?" பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இருப்பீர்கள். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடுங்கி வைப்பதால் மட்டும் குறையாது. சாப்பிடும் இடத்திலும் படுக்கும் இடத்திலும் அது இல்லாமல் பார்த்துக்கொண்டு, போன் பிடித்துக்கொண்ட மாலை நேரத்தைப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுத்தால் குறைய வழி உண்டு. இதில் முதல் பாதி உங்கள் வீட்டு வேலை. இரண்டாவது பாதி இந்த ஊரின் வேலை. அதை நீங்கள் தனியாகச் செய்ய முடியாது.

எடை கூடிவிட்டது என்று பிள்ளையை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவதில்லை. காய்ச்சல், இருமல், வயிற்றுவலி என்றுதான் வருவார்கள். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போது அம்மா பிள்ளையின் காலரைக் கீழே இழுத்துப் பின்கழுத்தைக் காட்டுவார். "அழுக்கு டாக்டர். பீர்க்கங்கா நார் போட்டுத் தேய்ச்சும் போக மாட்டேங்குது. சோப்பு எதுனா மாத்தணுமா?" பின்கழுத்தின் மடிப்பில் கறுப்பாக, தடவினால் வெல்வெட் துணிபோலச் சற்றுத் தடித்திருக்கும். அக்குளிலும் இருக்கும். அது அழுக்கு இல்லை. பிள்ளையின் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படவில்லை, கணையம் இரண்டு மடங்கு பாடுபட்டுச் சர்க்கரையைச் சமாளித்துக்கொண்டிருக்கிறது என்பதற்குத் தோல் காட்டும் அடையாளம் அது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் வருகிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் தோல்தான் புண்ணாகும்.

இதை நான் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு 2023இல் வெளிவந்தது. 20 வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் என்று மாநிலம் மாநிலமாகக் கணக்கெடுத்தார்கள். முதலிடம் கோவாவுக்கு, 26.4 சதவீதம். அடுத்து நம் புதுச்சேரி, 26.3 சதவீதம். வளர்ந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல். இந்த ஊரில் பிறக்கும் பிள்ளைக்குத் தாத்தா, ஆயா, அப்பா என்று யாரோ ஒருவர் வழியாக அந்த வாய்ப்பு வந்து சேர்ந்துவிடுகிறது. நாற்பது வயதில் வர வேண்டியதைப் பதினாறு வயதுக்கு இழுத்து வராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது.

பிள்ளைகளின் கணக்கு எப்படி? புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கு பகுதிகளிலும் 6 முதல் 12 வயதுப் பள்ளிப் பிள்ளைகளை எடைபோட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று மேல் அதிக எடை, இரண்டு பேருக்குச் சற்று மேல் உடல்பருமன். நான்கில் மாஹேயில்தான் அதிகம். நகரத்துப் பிள்ளைகளுக்கும் தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆபத்து கூடுதல். சென்னையில் 51 பள்ளிகளில் பத்தொன்பதாயிரம் பிள்ளைகளுக்குச் சற்றுக் குறைவாக அளந்து 2014இல் வெளியிட்ட ஆய்வில் இந்த இடைவெளி இன்னும் பளிச்சென்று தெரிந்தது. தனியார் பள்ளிகளில் அதிக எடையும் பருமனும் சேர்த்து 21.4 சதவீதம், அரசுப் பள்ளிகளில் 3.6. இன்று எடுத்தால் அந்த இடைவெளி அவ்வளவு இருக்காது என்பது என் எண்ணம். ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டும் மலிவு டேட்டாவும் குப்பத்துக்கும் வந்துவிட்டன. இந்தியா முழுமைக்கும் பார்த்தால், 5 முதல் 19 வயதுக்குள் உடல்பருமன் உள்ளவர்கள் 1990இல் 4 லட்சம், 2022இல் 1 கோடியே 25 லட்சம் என்று லான்செட் இதழ் கணக்குப் போட்டது. 2025 செப்டம்பரில் யுனிசெஃப் இன்னொன்று சொன்னது. உலக அளவில் இந்த வயதுப் பிள்ளைகளில் மெலிந்தவர்களைவிடப் பருமனானவர்கள் எண்ணிக்கை முதன்முறையாகக் கூடிவிட்டது. 9.2 சதவீதத்துக்கு 9.4 சதவீதம்.

பள்ளிப் பிள்ளைக்கு மதியச் சோறு போடும் வழக்கம் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே நம் ஊரில் வந்துவிட்டது. அன்றைய கவலை பசி. இன்று அந்தக் கவலையும் தீரவில்லை, புதியதும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரே பெஞ்சில் ரத்தசோகையோடு ஒரு பிள்ளை, பக்கத்தில் கழுத்துக் கறுத்த ஒரு பிள்ளை. சில சமயம் இரண்டும் ஒரே பிள்ளைக்கே.

சரி, திரைக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்? உட்கார்ந்தே இருப்பதால் எடை போடுகிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். பாதி உண்மைதான் அது. மீதிப் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1985இல் அமெரிக்காவில் வில்லியம் டீட்ஸ், ஸ்டீவன் கோர்ட்மேக்கர் என்ற இருவர், டிவி பார்க்கும் நேரம் கூடக் கூடப் பிள்ளைகளின் பருமனும் கூடுகிறது என்று முதலில் காட்டினார்கள். எடை கூடியதால் வெளியே போகாமல் டிவி பார்க்கிறார்களா, டிவி பார்ப்பதால் எடை கூடுகிறதா என்ற கேள்வி அப்படியே நின்றது. அதற்கு விடை தேடி 1999இல் தாமஸ் ராபின்சன் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். கலிஃபோர்னியாவில் சான் ஹோசே நகரில் இரண்டு தொடக்கப் பள்ளிகள். ஒன்றில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் பாடம் நடத்தி டிவி, வீடியோ கேம் நேரத்தைக் குறைக்க வைத்தார்கள். இன்னொரு பள்ளியை அப்படியே விட்டார்கள். சாப்பாட்டுப் பட்டியல் எதுவும் கொடுக்கவில்லை, ஓடு குதி என்றும் சொல்லவில்லை. ஆண்டு முடிவில், பாடம் கேட்ட பிள்ளைகளின் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, மற்றப் பள்ளிப் பிள்ளைகளின் அளவுக்கு ஏறவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் ஓடியாடியது பெரிதாகக் கூடியிருக்கவும் இல்லை. டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிட்ட வேளைகள்தான் குறைந்திருந்தன.

2008இல் லெனார்ட் எப்ஸ்டைன் குழு 4 முதல் 7 வயதுக்குள் 70 பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. பாதிப் பேர் வீட்டில் டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நேரக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டிப் பார்க்கும் நேரத்தைப் பாதியாக்கினார்கள். இரண்டு ஆண்டு கவனித்தார்கள். அங்கும் அதே கதை. எடை விஷயத்தில் பலன் தெரிந்தது, ஆனால் விளையாட்டு கூடவில்லை. உள்ளே போன சாப்பாடு குறைந்திருந்தது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத்தான் பலன் அதிகம் கிடைத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆக, திரை பிள்ளையை உட்கார வைப்பதோடு நிற்பதில்லை. வாய்க்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். என் வெயிட்டிங் ஹால் போதும். ஆயா மடியில் ஒன்றரை வயதுக் குழந்தை. எதிரே நாற்காலியில் சாய்த்து வைத்த போனில் பொம்மைப் பாட்டு. டிபன் பாக்ஸில் பிசைந்த இட்லி. குழந்தை போனிலிருந்து கண்ணை எடுப்பதில்லை, ஸ்பூன் உதட்டில் பட்டால் வாய் மட்டும் திறக்கிறது. "போன் இல்லன்னா ஒரு வாய் வாங்காது டாக்டர்" என்கிறார் ஆயா, கொஞ்சம் பெருமையாகவே. போதும் என்று தலையைத் திருப்பிக்கொள்வது குழந்தைக்குப் பிறவியிலேயே தெரிந்த வித்தை. அதைத்தான் மறக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தக் குழந்தை ஏழு வயதில் வரும்போது, "காலையில என்னடா சாப்ட்ட கண்ணு?" என்று கேட்பேன். அம்மா முகத்தைப் பார்க்கும். "சாப்பிடும்போது என்ன பார்த்த?" என்று கேட்டால் கதையை முதலிலிருந்து சொல்லும்.

இந்தியக் குழந்தை நல மருத்துவர்கள் சங்கம் இதற்கு அளவு சொல்லியிருக்கிறது. இரண்டு வயது வரை திரையே வேண்டாம். இரண்டிலிருந்து ஐந்து வரை, பெரியவர் பக்கத்தில் இருக்க, நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள். ஐந்திலிருந்து பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள். நல்ல அளவுதான். ஆனால் மணிக்கணக்கைப் பிடித்துக்கொண்டு தினமும் சண்டை போடும் வீடுகளுக்கு நான் சொல்வது, நேரத்துக்கு முன்னால் இடத்தைப் பாருங்கள் என்பதே. சாப்பாட்டு வேளையில் பார்க்கும் அரை மணி நேரம், மத்தியானம் பார்க்கும் ஒரு மணி நேரத்தைவிடக் கெடுதல்.

பார்க்கிறவனின் வாய்க்கு என்ன போகிறது என்பதைத் தீர்மானிப்பவர்களும் திரைக்குள்ளேயே இருக்கிறார்கள். 2009இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் போட்டு, பக்கத்தில் பிஸ்கட் கிண்ணம் வைத்தார்கள். நடுவில் தின்பண்ட விளம்பரம் வந்த கார்ட்டூனைப் பார்த்தவர்கள், வேறு விளம்பரம் பார்த்தவர்களைவிட 45 சதவீதம் அதிகம் தின்றார்கள். அந்தக் காலத்தில் விளம்பரம் விளம்பரமாகவாவது வந்தது. இன்று பத்து வயதுப் பையன் ஒருவன் பாக்கெட்டைப் பிரித்துத் தின்று காட்டுவதே நிகழ்ச்சி. அது விளம்பரம் என்று பிள்ளைக்குத் தெரியாது, உங்களுக்கும் எனக்குமே சில சமயம் தெரிவதில்லை.

பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி போட்டது. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள், விதி எங்கே இருக்கிறது என்று தெரியும். 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கெல்லாம் சர்க்கரைப் பலகை வைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. எந்தப் பானத்தில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று எழுதி மாட்ட வேண்டும். சில மாதத்தில் எண்ணெய்ப் பலகையும் வந்தது. நம் அரசுப் பள்ளிகளும் இப்போது சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு வந்துவிட்டதால் இது நம் எல்லோருக்கும் பொருந்தும். பிள்ளைகள் சாப்பிடும் கலோரியில் சர்க்கரையின் பங்கு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஆனால் 4 முதல் 10 வயதில் 13 சதவீதமும் 11 முதல் 18 வயதில் 15 சதவீதமும் இருக்கிறது என்று அந்தச் சுற்றறிக்கையே சொல்கிறது. பலகையை நான் வரவேற்கிறேன். சுவரில் பலகையும் கையில் பிறந்தநாள் சாக்லேட்டுமாக முடிந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

தூக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது. இரவு பதினொன்று வரை போர்வைக்குள் போன், காலை ஏழரைக்கு வாசலில் வேன், நடுவில் காலைச் சாப்பாடு கட். பத்தரை மணி இன்டர்வெலில் அந்தப் பிள்ளை பாக்கெட்டைத் தேடாமல் வேறென்ன செய்யும்?

இப்போது மாலை நேரத்துக்கு வருகிறேன்.

ஐந்து முதல் பதினேழு வயது வரை நாளைக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "நாங்கெல்லாம் அந்தக் காலத்துல கில்லி, பம்பரம், சடுகுடுன்னு..." என்று தொடங்கும் அப்பாக்களை நான் கையமர்த்திவிடுவேன். அந்தத் தெருவை இந்தப் பிள்ளைக்கு நீங்கள் விட்டுவைக்கவில்லையே! லாஸ்பேட்டையிலோ முத்தியாலுபேட்டையிலோ நெல்லித்தோப்பிலோ மாலை ஐந்து மணிக்குத் தெருவில் பந்து போட முடியுமா? இரண்டு பக்கமும் பைக், நடுவில் கார். சனி, ஞாயிறு என்றால் வெளியூர் வண்டிகள் வேறு. பள்ளி மைதானம் இருக்கிறது, நாலரைக்கு கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். பூட்டாவிட்டாலும் ஐந்து மணிக்கு டியூஷன். டியூஷன் முடிந்து ஏழரைக்கு வரும் பிள்ளைக்கு மிச்சமிருப்பது போன் ஒன்றுதான். அதையும் 2020இல் பள்ளியை மூடி, ஆன்லைன் வகுப்பு என்று நாமே கையில் கொடுத்தோம். பள்ளி திறந்த பிறகும் வீட்டுப்பாடம் வாட்ஸ்ஆப்பில்தான் வருகிறது. பெரியவர்கள் ஒவ்வொருவராக மாலையைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, கடைசியாக வந்த போன்மீது மட்டும் பழியைப் போடுவது நியாயமில்லை.

பெண் பிள்ளைகள் பாடு இதைவிட மோசம். பதினொன்று, பன்னிரண்டு வயதில் பெரியவளானதும் சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிடுகிறோம். "வெளிய என்ன வேலை, உள்ள உக்காந்து எதுனா பாரு." பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறோம், எனக்குப் புரிகிறது. ஆனால் பாட்டியும் அம்மாவும் சர்க்கரைக்கு மாத்திரை போடும் வீட்டில், இடுப்பு அகலும் வயதில் ஒரு பெண்ணை உட்கார வைத்துவிட்டு, மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை என்று மூன்று வருடம் கழித்து வருகிறீர்கள்.

வேறு மாதிரி நடக்க முடியும் என்பதற்கு நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்த ஊரிலேயே, 1943இல் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமப் பள்ளியில் மாலை விளையாட்டும் உடற்பயிற்சியும் படிப்பின் ஒரு பகுதி. ஆணும் பெண்ணும் ஒரே மைதானத்தில். ஆண்டுதோறும் டிசம்பர் 2ஆம் தேதி அவர்கள் நடத்தும் உடற்பயிற்சிக் காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே காசு இருக்கிறது, இடம் இருக்கிறது என்பீர்கள். உண்மைதான். ஆனால் மாலை நேரத்தை டியூஷனுக்கு விற்காமல் இருக்கக் காசு வேண்டாம், தீர்மானம் போதும்.

பிரான்ஸ் தேசம் 2018இல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளின் பள்ளிகளில் செல்போனைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் பதினாறு வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது என்றது. சட்டம் பள்ளி வாசல் வரை வரும். இரவு எட்டரை மணிக்கு உங்கள் வீட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்காராது. எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது அதே பிரான்சின் வடகோடியில் இருக்கும் ஃப்ளெர்பே, லவாந்தி என்ற இரண்டு சிற்றூர்கள். 1992இல் பள்ளியில் உணவுப் பாடத்தோடு ஆரம்பித்தார்கள். பிறகு நகராட்சி சேர்ந்துகொண்டது, டாக்டர்கள், கடைக்காரர்கள், விளையாட்டுச் சங்கங்கள் சேர்ந்தன. பாடம் மட்டும் நடத்திய ஆண்டுகளில் எடை குறையவில்லை. ஊரே சேர்ந்த பிறகுதான் குறைந்தது. 2004இல் அங்கே அதிக எடையுள்ள பிள்ளைகள் 8.8 சதவீதம். அக்கம்பக்கத்து ஊர்களில் 17.8.

ஊர் கூடிச் செய்யும் அந்தப் பழக்கம் நம் ஊருக்கும் இல்லாமல் இல்லை. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்குத் தடுப்பு போட்டால், மறுநாள் காலை ஏழரை வரை வண்டி போகாது. ஊரே அங்கே நடக்கிறது. வண்டியை நிறுத்தியதால் யாருக்கும் பெரிய நஷ்டம் வந்துவிடவில்லை. சுற்றுலா வருகிறவர்களுக்காகச் செய்ய முடிந்ததை, உள்ளே இருக்கும் பேட்டைகளில் பிள்ளைகளுக்காக, ஒரு தெருவுக்கு, ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் செய்ய முடியாதா?

வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு. பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள், டயட் சார்ட் கேட்டு வராதீர்கள். வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எடை இறங்கத் தேவையில்லை. ஏறாமல் நின்றால் போதும், உயரம் வந்து சரிக்கட்டிவிடும். வயதுவந்தவர்களின் பி.எம்.ஐ. எண்ணை வைத்துப் பிள்ளையை அளக்காதீர்கள். வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் இஞ்ச் டேப் இருந்தால் இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள், உயரத்தில் பாதியைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். சாப்பிடும்போது வீட்டில் உள்ள எல்லாப் போன்களும் ஒரே இடத்தில் இருக்கட்டும். எல்லாப் போன்களும் என்றால் அப்பாவின் போனும்தான். ஒரு கையில் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே மறு கையில் தோசையைப் பிய்க்கும் அப்பா, பிள்ளையைத் திட்டினால் அது சிரித்துவிட்டுப் போகும். இரவு சார்ஜர் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். சித்தப்பா, மாமா யாராக இருந்தாலும் பிள்ளையைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கேலிக்கு ஆளான பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது. அறைக்குள் போனும் பாக்கெட்டும்தான் இருக்கின்றன.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்குவதை நிறுத்துங்கள். கடன் என்று சொல்கிறோம், திருப்பிக் கொடுத்த கணக்கு வாத்தியாரை நான் இன்னும் பார்க்கவில்லை.

பெற்றோருக்கும் ஒன்று. அடுத்த கூட்டத்தில் மார்க் கேட்பதற்கு முன் எழுந்து நின்று, இந்த மாதம் எத்தனை பி.டி. பீரியட் நடந்தது என்று கேளுங்கள். பள்ளி மைதானத்தின் கேட்டை மாலை ஆறரை வரை திறந்து வைக்கச் சொல்லி மனு எழுதுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, முறை போட்டு தினம் இரண்டு பெற்றோர் வருகிறோம் என்றும் அதிலேயே எழுதுங்கள், அப்போதுதான் நிர்வாகம் மறுக்க முடியாது. ஒரு தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். வெளியே போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.